இஸ்லாத்தைப் படிக்க நான்கு வழிகள்: உங்களுக்கு எது சரிவரும்?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் என்னைப் போல முஸ்லிம் வீட்டில் பிறந்தவர், முப்பது வயது, கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதோடு சரி, இப்போது அர்த்தம் தெரிந்து படிக்க ஆசை. இன்னொருவர் பள்ளி ஆசிரியை, கிறிஸ்தவர். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் முஸ்லிம்கள், மதம் மாறும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை, ஆனால் இந்தப் பிள்ளைகள் வீட்டில் எதை நம்பி வளர்கிறார்கள் என்றே தெரியாமல் பத்து வருடத்தை ஓட்டிவிட்டேன் என்கிறார். புத்தகம் வாங்கித் தனியாகப் படிக்கலாமா, யாரிடமாவது போய் உட்காரலாமா, பல்கலைக்கழகத்தில் சேரலாமா என்பதுதான் இருவருக்கும் குழப்பம்.

நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. பத்து வயதில் குர்ஆனை முழுதாக ஓதி முடித்தேன், உம்மா தெருவுக்கே இனிப்பு கொடுத்தார், அப்புறம் முப்பத்து நாலு வயது வரை அதில் ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாமலே இருந்தேன். ஒருநாள் மதியம் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் "பாய், அங்க நின்னு என்னதான் சொல்றீங்க?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவில் மொத்தமே 7 வசனங்கள், கடமையான தொழுகைகளில் மட்டும் அதை ஒரு நாளைக்கு 17 தடவை ஓதுகிறேன். "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று ஆரம்பித்தேன், அடுத்த வரியிலேயே தடுமாறிவிட்டேன். "பார்த்துச் சொல்றேன்" என்று சமாளித்தேன். அதற்குப் பிறகு இந்த நான்கு வழிகளில் மூன்றில் நானே நடந்திருக்கிறேன். மீதமுள்ள ஒன்றில் போன நண்பர் ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. சொந்த நம்பிக்கை ஆழமாக வேண்டுமா, அடுத்தவரின் நம்பிக்கை புரிய வேண்டுமா? இரண்டும் ஒன்றுதான் என்று மேடையில் சொல்வார்கள். என் அனுபவத்தில் ஒன்றுக்குப் போகும் பாதை நேராக மற்றதற்குப் போவதில்லை, சுற்றித்தான் போகிறது.

அடுத்தது, தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்துவதற்கு ஆள் இருக்கிறாரா? பணம், நேரம் எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஒரு விஷயத்தில் இரண்டு கருத்து உண்டு என்றால் இரண்டையும் அந்த வழி காட்டுமா, ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடுமா என்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டும், இதில் எல்லோரும் தங்களை ஏமாற்றிக்கொள்வார்கள். கடைசியாக, வீட்டிலும் ஊரிலும் நாலு பேர் என்ன கேட்பார்கள் என்பது. இதைச் செலவாகவே யாரும் கணக்கில் வைப்பதில்லை.

## தனியாக மொழிபெயர்ப்பு வாசிப்பது

மலிவானது, யாருக்கும் தெரியாமல் செய்யலாம், ராத்திரி பதினோரு மணிக்கும் கதவு திறந்திருக்கும். தமிழில் குர்ஆனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன என்பது பெரிய வசதி.

பலர் கவிழ்வது எங்கே என்றால், முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதில். குர்ஆனின் 114 அத்தியாயங்கள் அருளப்பட்ட கால வரிசையில் அடுக்கப்படவில்லை. முதலில் இறங்கியதாகச் சொல்லப்படும் "ஓதுவீராக" என்ற வசனங்கள் 96 ஆவது அத்தியாயத்தில் இருக்கின்றன. கதைப் புத்தகம் போல முன்னாலிருந்து போனால் அல்ஹம்துவை முடித்த கையோடு 286 வசனங்கள் கொண்ட அல்பகரா வந்து நிற்கும். சட்டம், வரலாறு, விவாதம், குடும்ப வழக்கு எல்லாம் கலந்தது. குர்ஆனிலேயே நீளமான வசனம் அதில்தான் இருக்கிறது (2:282). அது சொர்க்கத்தைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ பேசவில்லை, கடன் கொடுத்தால் தவணையோடு எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்கிறது. மச்சானுக்குக் கைமாற்றுக் கொடுத்து அனுபவப்பட்ட என் வாப்பாவுக்கு நான் அர்த்தம் சொல்லிக் காட்டிய முதல் வசனம் இதுதான், ரொம்ப நேரம் சிரித்தார்.

முதல் தடவை படிக்கிறவர்கள் 12 (யூசுப்), 19 (மர்யம்), 31 (லுக்மான்), 93, 49 என்று போங்கள், அப்புறம் அல்பகராவுக்கு வரலாம். யூசுப் அத்தியாயம் ஒரே கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சொல்கிறது, பைபிள் படித்தவருக்கு யோசேப்பு ஏற்கெனவே தெரிந்த ஆள்.

இனி, இந்த வழியின் மறைவான செலவு. 5:51 இல் "அவ்லியா" என்று ஒரு சொல் வருகிறது. யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் அவ்லியாவாக ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்கிறது வசனம். சில மொழிபெயர்ப்பில் "நண்பர்கள்" என்று போட்டிருக்கும், சிலவற்றில் "பாதுகாவலர்கள்". முதலாவதைத் தனியாக உட்கார்ந்து படிக்கும் அந்தக் கிறிஸ்தவ ஆசிரியை அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார், மூடினால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதே சொல்தான் நாகூர் தர்காவில் நாம் "அவ்லியா" என்று சொல்வதும், அங்கே அதற்கு இறைநேசர்கள் என்று பொருள். பாதுகாப்பு, கூட்டணி, நெருக்கம் எல்லாம் சேர்ந்த சொல் அது. இதே அத்தியாயத்தின் 5 ஆவது வசனம் வேதக்காரர்களின் (யூதர்கள், கிறிஸ்தவர்களின்) உணவு உங்களுக்கு ஆகும், அவர்களுடைய ஒழுக்கமுள்ள பெண்களை மணக்கலாம் என்கிறது, 82 ஆவது வசனம் அன்பில் மிக நெருங்கியவர்கள் கிறிஸ்தவர்கள்தான் என்கிறது. மார்க்கத்துக்காக உங்களோடு போரிடாதவர்களுக்கு, உங்களை வீட்டை விட்டுத் துரத்தாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் இறைவன் தடுக்கவில்லை என்பது 60:8. கட்டிக்கொள்ளலாம், சேர்ந்து சாப்பிடலாம், ஆனால் நண்பராக மட்டும் இருக்கக் கூடாதா என்று கேட்டால் அப்புறம்தான் விஷயம் போர்க்கால உடன்படிக்கைகள், மதீனாவின் அரசியல் என்று விரியும். தனியாக வாசிக்கிறவருக்கு இதையெல்லாம் சேர்த்து வைத்துச் சொல்ல ஆள் இல்லை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொற்கள் மொழிபெயர்த்தவர் சேர்த்தவை என்பதைக்கூட நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. இரண்டு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்தச் செலவில் பாதி குறையும்.

தமிழ் இலக்கியம் பிடித்தவராக இருந்தால் பக்கவாசல் ஒன்று உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம், நபியின் வரலாற்றைச் சொல்லும் 5027 பாடல்கள். நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை கொட்டுகிறது, வெள்ளம் ஓடுகிறது, வயலில் நெல் விளைகிறது! காப்பிய மரபு அப்படி, பாலைவனத்துக்காகப் புலவர் மரபை விட்டுக்கொடுக்கவில்லை. மார்க்கச் சட்டம் தெரிந்துகொள்ள இது உதவாது. ஆனால் ஒரு மார்க்கம் ஒரு மொழிக்குள் எப்படிக் குடிவந்தது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

## ஹஜ்ரத்திடம் போய் உட்கார்வது

ஹஜ்ரத் என்றால் பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லித்தரும் ஆலிம். என் விஷயத்தில் வேலை செய்தது இதுதான். இஷா (இரவுத்) தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மாடியில், வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம், ஆறு பேர். அல்ஹம்து சூராவுக்கே ஒரு மாதம் ஆனது. முதல் வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது, இதற்கு ஒரு புத்தகம் வாங்கியிருக்கலாமே என்று.

இரண்டாவது வாரம் "ரப்பு" என்ற சொல்லில் நின்றோம். நான் பெரிய ஆள் மாதிரி "ஆண்டவன்" என்றேன். ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆண்டவன்னு சொன்னா ஆளுறது தெரியுது. வளர்க்கிறது தெரியலையே தம்பி" என்றார். பிள்ளையை வளர்ப்பதற்குச் சொல்கிற "தர்பியா"வோடு உறவுள்ள சொல்லாம் அது, கொஞ்சம் கொஞ்சமாகப் பராமரித்து முழுமைக்குக் கொண்டுவருகிறவன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து தொழும்போது அந்த வரியில் நாக்கு நின்றது. இருபத்து நாலு வருடமாக ஒப்பித்த வரி. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் செய்திருக்காது, ஏனென்றால் புத்தகம் என் பதிலைக் கேட்டிருக்காது.

செலவு என்று பார்த்தால், பணம் ரொம்ப இல்லை. நேரம் போகும், ஆலிம் பட்டம் வரை படிப்பதென்றால் ஆறேழு வருடம், நம்மைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. மறைவான செலவு வேறு. ஒரு உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) உட்கார்ந்தால் ஒரு கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களில் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட மரபு), வேலூர் பக்கம் ஹனஃபி மத்ஹப். ஓர் இடத்தில் ஆமீனைச் சத்தமாகச் சொல்வார்கள், இன்னொரு இடத்தில் மனதுக்குள். தொழுகையில் ருகூவுக்கு (குனிவதற்கு) போகும்போது ஒருவர் கையை உயர்த்துவார், மற்றவர் உயர்த்த மாட்டார். இது சண்டைக்கான விஷயமே இல்லை, ஆனால் ஒரே வகுப்பில் வளர்ந்தவருக்கு அடுத்தவர் செய்வது தப்பாகத் தெரியும். போதாததற்கு இப்போதெல்லாம் வகுப்பில் சேரும் முன்பே "எந்த ஜமாஅத்துக்காரரு?" என்று ஒரு விசாரணை.

பெண்களுக்கு நிஸ்வான் மதரஸாக்கள் பல ஊர்களில் இருக்கின்றன, கல்யாணமானவர்களுக்கு மதிய நேர வகுப்பு வைப்பவர்களும் உண்டு, வேலைக்குப் போகும் பெண்ணுக்குத்தான் நேரம் ஒத்துவராது.

முஸ்லிம் அல்லாதவர் இந்த வழியில் போகலாமா? போகலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். பள்ளிவாசலில் "எப்ப இஸ்லாத்துக்கு வரப்போறீங்க?" என்று அன்போடு கேட்பார்கள், வீட்டில் "மதம் மாறப்போறியா?" என்று பயத்தோடு கேட்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே சந்தேகம். இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. வங்கத்தின் பிரம்ம சமாஜம் என்ற இந்துச் சீர்திருத்த இயக்கத்தைச் சேர்ந்த கிரீஷ் சந்திர சென், நாற்பதைத் தாண்டிய வயதில், 1876 இல் லக்னோவுக்குப் போய் அரபு படித்தார். 1881 முதல் 1886 வரை பகுதி பகுதியாகக் குர்ஆன் முழுவதையும் வங்க மொழியில் கொண்டுவந்தார். கடைசி வரை பிரம்ம சமாஜத்துக்காரராகவே இருந்தார். முதல் நாளே "படிக்கத்தான் வந்திருக்கிறேன்" என்று உஸ்தாதிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், நல்ல உஸ்தாத் என்றால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

## பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரில் இஸ்லாமிய ஆய்வு மையம் இருக்கிறது. இலங்கையில் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே உண்டு. மாறுபட்ட கருத்துகளைக் காட்டுவதில் இந்த வழியை மற்றவை தொட முடியாது. இமாம் ஷாஃபி, இமாம் மாலிக்கின் மாணவர், பிறகு ஆசிரியரோடு மாறுபட்டுத் தனி மத்ஹபுக்கே காரணமானவர் என்று அங்கே படிக்கும்போது, நம் தெருவில் நடக்கும் சண்டைகள் ரொம்பச் சின்னதாகத் தெரியும். முஸ்லிம் அல்லாத மாணவரை "எப்ப வரப்போறீங்க?" என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், அதற்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை.

செலவு? இரண்டு வருடம், போக்குவரத்து, "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்ற மாமனாரின் கேள்வி. இன்னொன்றும் உண்டு. அறிவிப்பாளர் வரிசையை வைத்து ஒரு ஹதீஸை (நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்பை) எப்படிச் சோதிப்பது, அந்த ஏட்டுக்கும் இந்த ஏட்டுக்கும் என்ன வேறுபாடு என்றே நாள் முழுக்கப் போகும்போது, நம்பிக்கை ஒரு பாடமாக மாறிவிடும். "தொழுகையில நின்னாக்கூட அடிக்குறிப்புதான்டா ஞாபகத்துக்கு வருது" என்றான் என் நண்பன். ஒன்றரை வருடம் அப்படி இருந்தான், பிறகு தெளிந்தான். நம்பிக்கையே ஆட்டத்தில் இருக்கும் நேரத்தில் ஆறுதலுக்காக இந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எழுதுகிறவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் இது சரி.

## கூடி வாசிப்பது

நமக்கு அதிகம் பழக்கமில்லாத வழி இது. 1990களில் யூத, கிறிஸ்தவ அறிஞர்கள் சிலர் ஆரம்பித்து, முஸ்லிம்களும் சேர்ந்துகொண்ட ஒரு முறை. மூன்று வேதங்களிலிருந்தும் ஒரே விஷயம் பற்றிய சிறிய பகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு சேர்ந்து வாசிப்பது. ஒத்த முடிவுக்கு வர வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது, அதுதான் அதன் அழகு. பெரிய ஏற்பாடு தேவையில்லை, நாலு பேரும் ஒரு பிளாஸ்க் டீயும் போதும்.

நாங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு என்று எட்டு மாதம் நடத்தினோம். அவர் கிறிஸ்தவர், நான், கீழ்வீட்டில் இருக்கும் இந்து நர்ஸ் அக்கா. பைபிளில் லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களையும் குர்ஆனின் 19 ஆவது அத்தியாயத்தையும் ஒருநாள் எடுத்தோம். லூக்காவில் மரியாளின் கணவர் யோசேப்பு கூடவே இருக்கிறார், மேய்ப்பர்கள் வருகிறார்கள். குர்ஆனில் மர்யம் தன்னந்தனியாக ஒரு பேரீச்ச மரத்தடியில் வலியோடு இருக்கிறார், இதற்கு முன்பே நான் செத்துப்போயிருக்கக் கூடாதா என்கிறார். கவலைப்படாதே, மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி என்று ஒரு குரல் வருகிறது. நான் வாசித்து நிறுத்தியதும் அக்கா, "பிரசவ வலியில இருக்கிறவள மரத்த உலுக்கச் சொல்றாரா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பிரசவ வார்டில் பதினாறு வருடமாகத் தானும் அதைத்தான் சொல்வதாகச் சொன்னார், படுத்தே கிடக்காதே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நில், ஏதாவது சாப்பிடு என்று. தமிழாசிரியர், யோசேப்பு இல்லாத மரியாளைத் தான் நினைத்துப் பார்த்ததே இல்லை என்றார். அவ்வளவு தடவை ஓதிய எனக்கோ அவள் தனியாக இருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது.

என் சொந்த நம்பிக்கைக்கு ஹஜ்ரத்திடம் கிடைத்ததற்கு அடுத்தபடியாக இங்கேதான் கிடைத்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இது புதிதில்லை. பிரான்ஸ்காரர் சார்ல்ஸ் தெ ஃபூக்கோ நம்பிக்கையற்றவராக மொராக்கோவில் சுற்றியபோது முஸ்லிம்களின் தொழுகை அவரை உலுக்கியது. 1886 இல் அவர் திரும்பியது தன் கத்தோலிக்க நம்பிக்கைக்கு, 2022 இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். சூஃபி ஞானி ஹல்லாஜைப் பற்றி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி மாசிஞோனும் 1908 இல், பாக்தாத்தில் ஆலூசி குடும்பம் அடைக்கலம் கொடுத்திருந்த காலத்தில், அப்படியே திரும்பினார். சுற்றுப்பாதை என்று முன்னே சொன்னது இதைத்தான்.

இதிலும் செலவு உண்டு, எட்டு மாதத்தில் நின்றுபோனதே சாட்சி. ஒன்று, மரியாதை. இனிப்பான வசனங்களையே பொறுக்கி எடுக்கத் தோன்றும், 5:51ஐ யாரும் மேசைக்குக் கொண்டுவர மாட்டார்கள். இரண்டு, கூட்டத்தில் ஒரே முஸ்லிமாக இருப்பவர் 1400 வருடத்துக்கும் பதில் சொல்லும் தூதராகிவிடுவார். ஔரங்கசீப்பும் நான்தான், நேற்றைய செய்தியும் நான்தான். சில ஞாயிறுகளில் போகவே பிடிக்காது. அதனால் ஒவ்வொரு மதத்திலும் குறைந்தது இரண்டு பேர் இருப்பது நல்லது.

## சுருக்கமாக ஒரு அட்டவணை

| | தனி வாசிப்பு | ஹஜ்ரத்திடம் | பல்கலைக்கழகம் | கூடி வாசிப்பு |
|---|---|---|---|---|
| நேரம் | உங்கள் இஷ்டம் | வாரம் ஒன்றரை மணி நேரமாவது | வருடக் கணக்கு | மாதம் ஒருநாள் |
| திருத்த ஆள் | இல்லை | உண்டு, ஒருவர் | உண்டு, பலர் | உண்டு, ஆனால் தயங்குவார்கள் |
| மாற்றுக் கருத்து | மொழிபெயர்ப்பைப் பொறுத்து | குறைவு | நிறைய | பிற மதங்களின் கோணம் நிறைய |
| மறைவான செலவு | அரைகுறை முடிவுகள் | ஒரே கண்ணாடி, ஊர்ப் பேச்சு | நம்பிக்கை பாடமாவது | மரியாதைப் பூச்சு, "தூதர்" சுமை |
| பொருந்துவது | தொடக்கத்துக்கு | முஸ்லிமாகப் பிறந்து அர்த்தம் தெரியாதவருக்கு | எழுத்து, கற்பித்தல் வேலைக்கு | பிற மதத்தாருக்கு, முஸ்லிமுக்கும் |

யூடியூபைச் சேர்க்கவில்லையே என்றால், அதை நான் ஒரு வழியாக எண்ணவில்லை. பஸ்ஸில் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்கலாம், நானும் கேட்கிறேன், ஆனால் அது அடுத்து எதைக் காட்டும் என்பது உங்கள் கையில் இல்லை, பெரும்பாலும் இன்னும் சத்தமாகப் பேசுகிறவரைத்தான் காட்டுகிறது.

கம்ப்யூட்டர் வேலைக்காரத் தம்பிக்கு நான் சொன்னது: நேராக ஹஜ்ரத்திடம் போ, கூடவே இரண்டு மொழிபெயர்ப்பு வாங்கு, ஒரு வருடம் கழித்து வேறு மத்ஹபுக்காரர் ஒருவரிடமும் கொஞ்ச நாள் உட்கார். ஆசிரியைக்குச் சொன்னது: மூன்று மாதம் தனியாக, நான் சொன்ன வரிசையில் படியுங்கள், கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் உங்கள் மாணவர்களின் அம்மாக்களில் இரண்டு பேரைக் கூட்டிக் கூடி வாசிக்க ஆரம்பியுங்கள். இரண்டாவது சந்திப்பிலேயே அந்த நோட்டிலுள்ள கஷ்டமான கேள்வியை எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் எடுக்கவே மாட்டீர்கள்.

பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது. ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, ஏழு வசனத்துக்கும் வரி வரியாக அர்த்தம் சொன்னேன். கேட்டதையே மறந்திருந்தார், ஆனாலும் முழுசாகக் கேட்டார். பிறகு, "சரி பாய், கடைசியில தலைய ரெண்டு பக்கமும் திருப்புறீங்களே, அது யாருக்கு?" என்றார்.

"ஹஜ்ரத்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.